அரைவயிற்று மருந்து

கன்றுகள் கத்துவதை நிறுத்தியபோதுதான் கோகிலவாணிக்கு உதறல் எடுத்தது.

விடிந்ததிலிருந்து இரண்டு கொட்டகைகளும் அலறிக்கொண்டிருந்தன. பால் வரும் ரப்பர் காம்புகளை முட்டியும், கம்பியை நக்கியும், ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் கத்திய கன்றுகள் வெயில் ஏறுவதற்குள் அடங்கிவிட்டன. யாரும் பால் கொடுத்து அடக்கவில்லை. கொடுக்க ஒன்றும் இல்லை. ஐப்பசி மழையில் கிடங்குக்குள் தண்ணீர் புகுந்து பால்பொடி மூட்டைகள் களியாகிவிட்டன. புது மூட்டைகளோடு வந்த லாரி பள்ளத்து ஓடைக்கு அக்கரையில் நின்றது. தரைப்பாலம் இருந்த இடத்தில் செம்மண் வெள்ளம் மரங்களை உருட்டிக்கொண்டு போனது.

பசித்த கன்று கத்தும். வயிறு நிறையும்வரை ஊரைக் கூட்டும். ஆனைமலை அடிவாரத்தில் இருந்த அந்தக் கன்று வளர்ப்புப் பண்ணையில் மருத்துவராகச் சேர்ந்ததிலிருந்து கோகிலவாணி இப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. மழைச் சேற்றில் செருப்பு ஒட்ட ஒட்ட ஓடினாள்.

கடைசித் தடுப்பில் ஒரு செவலைக் கன்று நின்றபடியே நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் தொடுவதற்குள் முன்னங்கால்கள் மடங்கிச் சாய்ந்தது. படுத்தவாக்கில் நான்கு கால்களையும் உதைத்தது; எதற்கோ பயந்து ஓடுவதுபோல. கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை இல்லை. காதோரம் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் கருவியில் வைத்தாள். கருவி எண் எதுவும் காட்டவில்லை. அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்பதற்கான அடையாளம் மட்டும் மின்னியது.

கழுத்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினாள். பாட்டில் பாதிகூட இறங்கவில்லை. கன்று தலையைத் தூக்கியது, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது, தள்ளாடி எழுந்து ஒருமுறை கத்தியது. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று திரும்பியபோது பக்கத்துத் தடுப்பு கண்ணில் பட்டது. அங்கே ஒரு கன்றுகூட நிற்கவில்லை.

"ஏனுங் டாக்டரம்மா" என்று பின்னால் பட்டீஸ்வரனின் குரல் கேட்டது. கன்றுகளுக்குப் பால் குடிக்கப் பழக்குவது அவர் வேலை. "ஒரு ராத்திரி பால் இல்லீன்னா கன்னு இப்படி உழுகுமுங்களா? எங்கூட்டுல மாடு மேயப் போயி நேரத்துக்கு வராத நாளெல்லாம் இருந்திருக்குதுங்க. கன்னு கத்தும். அவ்வளவுதானுங்க."

"உங்க ஊட்டுக் கன்னுக்கு நம்ம மருந்து ஊத்தலீங்களேண்ணா."

அந்த மருந்துக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருந்தது. பண்ணையில் யாரும் அதைச் சொல்வதில்லை. அரைவயிற்று மருந்து என்பார்கள். தொடர்ந்து புல் பொய்த்து, தீவனம் தங்கம்போல ஆகி, வீடுவீடாக மாடுகளை விற்றுத் தீர்த்த வறண்ட ஆண்டுகளுக்குப் பிறகு வந்த மருந்து அது. கன்றின் முதுகில் ஊற்றினால் தோல் வழியே உள்ளே போய்விடும். பாதித் தீனியில் கன்று முழுதாக வளரும். அது வந்த பிறகுதான் பால் மறுபடி சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது. பள்ளிக்கூடங்களில் குழந்தைகளுக்குக் காலையில் ஒரு தம்ளர் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதைக் கெட்ட மருந்து என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கோகிலவாணிக்கும் வந்ததில்லை.

"தின்ன தீனி சர்க்கரையா மாறி ரத்தத்துல ஓடும்" என்று அடுத்த கன்றின் காதைக் குத்திக்கொண்டே சொன்னாள். "அதை ரத்தத்துல இருந்து சதைக்குள்ள அனுப்பறது இன்சுலின். இந்த மருந்து ஏறின உடம்புல இன்சுலின் துளி சுரந்தாப் போதும், சதை அத்தனை சர்க்கரையையும் உறிஞ்சிக்கும். அதனாலதான் அரைத் தீனிக்கே கன்னு தளதளன்னு இருக்குது."

"அது தெரியுமுங்களே."

"தீனி வந்துட்டே இருக்கற வரைக்கும் சரி. நின்னு போனா சதை விட்டுக் குடுக்காதுங்கண்ணா. ரத்தத்துல மிச்சமே வைக்காது. மூளைக்கு ரத்தத்துல ஓடற சர்க்கரைதான் சோறு."

பட்டீஸ்வரன் கொட்டகையின் மறுகோடிவரை பார்த்தார். "அப்ப இத்தனையுமா?" என்றார்.

அவரே ஓடிப்போய்த் தீவனத்தில் கலக்க வைத்திருந்த கரும்புப்பாகு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார். குளுக்கோஸ் பாட்டில்கள் தீர்ந்ததும் பாகைச் சுடுதண்ணீரில் கரைத்தார்கள். மயக்கத்தில் கிடக்கும் கன்றுக்கு வாயில் ஊற்றினால் மூச்சில் ஏறிவிடும். அதனால் விரலில் தொட்டு ஈறில் தேய்த்தார்கள். தேய்த்து, விழுங்குகிறதா என்று தொண்டையைத் தடவிப் பார்த்து, அடுத்ததற்கு நகர்ந்தார்கள். சில எழுந்தன. சில எழுந்து, கொஞ்ச நேரம் நின்று, மறுபடி விழுந்தன. சில தேய்க்கத் தேய்க்கவே விறைத்தன. அவள் கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. பயத்தில் நடுங்குகின்றன என்று நினைத்தாள்.

"பட்டீசண்ணா, இன்னொரு வாளி" என்றாள். வாளி வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். பட்டீஸ்வரன் கொட்டகையின் இரும்புத் தூணுக்கு முன்னால் குந்தியிருந்தார். விரலைப் பாகில் தோய்த்துத் தூணில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"குடி சாமி, குடி. இன்னொருக்கா சப்பு. நல்ல கன்னுல்ல?" என்று பொறுமையாகச் சொன்னார். தூணில் பாகு கோடுகோடாக வழிந்தது.

"அண்ணா!"

அவர் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளை யாரென்று தெரியாத சிரிப்பு. சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. அவர் கையைப் பிடித்துத் துடைத்து, கன்றுகளுக்கு வைத்திருந்த அதே கருவியில் அவர் ரத்தத்தைப் பார்த்தாள். நல்ல உடம்புள்ள ஒரு மனிதருக்கு அந்த எண் வரவே கூடாது. பாகை வழித்து அவர் வாயில் திணித்தாள். அவர் குழந்தைபோல முகத்தைத் திருப்பினார். தாடையைப் பிடித்து அழுத்தி மறுபடி திணித்தாள்.

மெல்ல மெல்ல அவர் கண்ணுக்குள் ஆள் திரும்பி வந்தார்.

"நா என்னுங் பண்ணீட்டு இருந்தேன்?"

"உங்களுக்குச் சக்கர வியாதி இருக்குதுங்களா? ஊசி ஏதாச்சும் போடறீங்களா?"

"எனக்கென்னுங் வியாதி. காலைல சோறு திங்கல, அவ்வளவுதான். கன்னு பட்டினி கெடக்கறப்ப எப்படித் திங்கறதுன்னு..." என்றவர் தூணைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார். அதன்பிறகு அவர் அந்தத் தூணின் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் தன் விரலையும் குத்திப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை; அவள் எண்ணும் தாழ்ந்துதான் இருந்தது. பாகை அள்ளி விழுங்கிவிட்டுச் சுவரில் சாய்ந்து காத்திருந்தாள். கை நடுக்கம் நின்றது. அதுவரை பயம் என்று அவள் நினைத்திருந்ததில் பாதி பசி. மீதிப் பாதி இப்போதுதான் சரியாக ஆரம்பித்தது.

பண்ணை மேலாளர் அருள்செழியன் குடை பிடித்துக்கொண்டு வந்தார். சென்னைக்காரர். மேட்டில் கம்பெனி கொடுத்த வீட்டில் தனியாக இருந்தார். செத்த கன்றுகளைத் தாண்டி வரும்போது பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"கையுறை போடணும்னு சொல்லியிருந்தோமே டாக்டர். மருந்து தோல் வழியாப் போற மருந்து. இவங்க வெறுங்கையால ஊத்தியிருக்காங்க."

"கையொற போட்டா கன்னு வெரலச் சப்பாதுங்களே சார்" என்றார் பட்டீஸ்வரன். "வெரலச் சப்பித்தானுங் அது பால் குடிக்கப் பழகும்."

"அதான். கையில பட்டிருக்கு. வேலைக்காரங்களுக்கு மட்டும் ஆன விஷயம். பதறாம இருங்க. நான் ஹெட் ஆபீஸ்ல பேசறேன். வெளியில யார்கிட்டயும் இப்ப எதுவும் சொல்ல வேண்டாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் முதலில் பட்டது. பிறகு பட்டீஸ்வரன் சொன்னார்: "ஆனாங்க, மொதல்ல உழுந்தது கடைசித் தடுப்புக் கன்னுங்க. அதுங்க போன வாரம் வந்ததுங்க. அதுங்களுக்கு இன்னும் மருந்தே ஊத்தலீங்களே."

மழைத் தண்ணீர் தகரக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கோகிலவாணி கடைசித் தடுப்பைப் பார்த்தாள். ஆமாம், மருந்து ஊற்றவில்லை. அவை உடுமலைக்குப் பக்கத்தில் உள்ள தாய்ப்பண்ணையில் பிறந்து, அங்கே தாய்ப்பால் குடித்து, தாயிடமிருந்து பிரித்த பிறகு இங்கே வந்தவை. அவற்றின் தாய்ப் பசுக்கள், இந்த மருந்து ஊற்றி வளர்க்கப்பட்ட முதல் கன்றுகள். வளர்ந்து, சினைப்பட்டு, ஈன்று, இப்போது கறவையில் இருப்பவை. அவற்றின் பால்தான் பாக்கெட்டில் ஊருக்குப் போகிறது.

அப்போது அவளுக்குத் தங்கை தாரிணியின் ஞாபகம் வந்தது.

உடுமலையில் இருக்கும் தாரிணிக்குக் கல்யாணமாகி எட்டு வருடமாகக் குழந்தை இல்லை. சினைப்பையில் நீர்க்கட்டி. உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்படவில்லை, அதனால் அது அளவுக்கு மீறிச் சுரக்கிறது, அதனால்தான் கட்டிகள் என்று மகப்பேறு மருத்துவர் சல்மா பலமுறை விளக்கியிருந்தார். பரிசோதனை முடிவுகளைப் பார்க்கும் தெம்புகூடத் தாரிணிக்குப் போய்விட்டது. எல்லாம் அக்காவின் போனுக்குத்தான் வரும். போன மாதப் பரிசோதனையில் இன்சுலின் அளவு மளமளவென்று இறங்கியிருந்தது. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று சல்மாவே ஆச்சரியப்பட்டார். ஒன்றும் இல்லை, முருகன்தான் என்றாள் தாரிணி. அக்காவும் தங்கையும் அன்று ஓட்டலுக்குப் போய்ச் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள்.

தாரிணி இந்தப் பண்ணைப் பக்கம் வந்ததே இல்லை. ஒரு கன்றையும் தொட்டதில்லை. ஆனால் அவள் வீட்டுக்கு நல்ல பாலாக இருக்கட்டும் என்று கம்பெனிப் பாலைத் தினமும் போகச் சொன்னது கோகிலவாணிதான்.

"பால்ல வருது சார்" என்றாள்.

"வராது. டெஸ்ட் பண்ணியிருக்கோம்."

"எப்ப? ஊத்தின வருஷமா? கொழுப்புல தங்கி, மாடு கறவைக்கு வந்தப்புறம் பார்த்தீங்களா?"

அருள்செழியன் குடையை மறுகைக்கு மாற்றினார். பிறகு சற்றுக் கோபமாக, "நான் இங்க வந்ததுலேர்ந்து ஒரு கன்னையும் தொட்டதில்ல டாக்டர். நம்ம பால்தான் குடிக்கறேன். எனக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"நேரா நேரத்துக்குச் சாப்பிடறீங்க. ஒண்ணும் தெரியாது. இன்னிக்கு என்ன சாப்டீங்க?"

"சமையல்காரர் வர முடியல. ஒரு கருப்பு காபி..."

"விரலை நீட்டுங்க."

விரலை நீட்டினார். கருவியை அவளிடமிருந்து வாங்கி, அது காட்டிய எண்ணை அவரே இரண்டாவது முறை பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கை ஈரமானது. குடையைக் கீழே விட்டுவிட்டு, சேறு என்றுகூடப் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்தார். பட்டீஸ்வரன் பாகு வாளியை அவர் பக்கம் தள்ளினார்.

"இன்னிக்குச் சூரசம்ஹாரம்" என்றாள் கோகிலவாணி. அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "ஊரே சஷ்டி விரதம் இருக்குது. என் தங்கச்சி ஆறு நாளா விரதம். சாயந்திரத்துல ஒரே ஒரு தம்ளர் பால்தான். நம்ம பால்."

தாரிணி போனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடி. கடைசியில் எடுத்தபோது பின்னால் மேளச் சத்தமும் அரோகரா முழக்கமும் காதை அடைத்தன.

"அக்கா! கோயில் மலையடிவாரத்துல இருக்கறோம். எவ்வளவு கூட்டம் தெரியுமா?"

"தாரு, நான் சொல்றத மட்டும் கேளு. இப்பவே ஏதாச்சும் சாப்பிடு. பழம், கரும்புச்சாறு, எதுன்னாலும்."

"என்னக்கா நீ. இன்னிக்குத் தண்ணிகூடப் பல்லுல படக்கூடாது."

"பால்ல ஒரு கோளாறு சாமி. பட்டினி கெடந்தா உசிருக்கு ஆபத்து. சத்தியமாச் சொல்றேன்."

"போன வருசமும் இப்படித்தான் தடுத்த. அதுக்கு முன்னாடி வருசம் அல்சர் வரும்ன. நீ நம்பாட்டிப் போக்கா. எனக்கு இது ஒண்ணுதான் இருக்குது. இன்னும் கொஞ்ச நேரம். சம்ஹாரம் முடிஞ்சுரும்."

"கௌசிகன் மாப்பிள்ளகிட்ட குடு போனை."

"அவருக்குக் குடிக்கத் தண்ணி பாட்டில் வாங்கப் போயிட்டாரு." தாரிணி திடீரென்று சிரித்தாள். சிரிக்க அங்கே ஒன்றும் இல்லை. "அக்கா, எவ்வளவு கூட்டம் தெரியுமா?"

"இப்பத்தான் சொன்ன."

"சொன்னனா? வேர்த்து ஊத்துதுக்கா. மழைல எப்படி வேர்க்குது பாரு." மறுபடி அதே சிரிப்பு. "மலையடிவாரத்துல இருக்கறோம்க்கா."

தூணுக்குப் பாகு ஊட்டிய சிரிப்பு அது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தங்கைக்குப் பேசுவது யார் என்றே தெரியாமல் போகும். உண்மையைச் சொல்லிப் புரியவைக்க நேரம் இல்லை. அவளைச் சாப்பிட வைக்கக்கூடிய ஒரே வார்த்தை எது என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லக் கூடாது என்பதும் தெரியும்.

"தாரு" என்றாள். "போன வாரம் எடுத்த ரத்தத்துக்கு ரிப்போர்ட் வந்திருச்சு."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"நின்னிருக்குது தாரு. நீ உண்டாயிருக்கற."

"பொய்யி."

"எதுல வேணும்னாலும் பொய் சொல்லுவேன். இதுல சொல்லுவனா?"

ஒரு விசும்பல் கேட்டது. பிறகு, "அக்கா..." என்று மட்டும் சொன்னாள். பிறகு மெதுவாக, "விரதத்த முடிக்காம எப்படிக்கா..."

"முருகன்தான் குடுத்துட்டாரே. குடுத்தப்புறமும் எதுக்கு வயித்துப் புள்ளையப் பட்டினி போடற? சாப்பிடு சாமி. பக்கத்துல யாருகிட்டயாச்சும் கேளு. போனை வெக்காத."

யாரிடமோ அவள் குழறலாக ஏதோ கேட்பது கேட்டது. ஒரு பெண் குரல், "ஐயோ, புள்ளத்தாச்சியா? இந்தா கண்ணு, பழம்" என்றது. கோகிலவாணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மேளச் சத்தத்துக்கு நடுவில் தங்கை மெல்லும் சத்தத்தைத் தேடினாள். கேட்டதுபோலவும் இருந்தது. கேட்காததுபோலவும் இருந்தது. பிறகு போன் எங்கோ விழுந்த சத்தம். யாரோ, "புடிங்க, புடிங்க" என்றார்கள். தொடர்பு அறுந்தது.

அதன்பிறகு எத்தனை முறை அடித்தும் யாரும் எடுக்கவில்லை.

அருள்செழியனுக்குத் தெளிவு வந்திருந்தது. தாடையில் பாகு ஒட்டியிருந்தது. "அந்த மலையில இப்ப எத்தனை பேர் இருப்பாங்க?" என்றார்.

"எண்ண முடியாது."

"பால்ல மருந்துன்னு மைக்ல சொன்னா நெரிசல்லயே செத்துடுவாங்க. விரதத்த விடுங்கன்னா விட மாட்டாங்க. உங்க தங்கச்சியே விடல." அவர் யோசித்தார். "பிரசாதம்னா? பஞ்சாமிர்தத்த யாரு வேண்டாம்பாங்க?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் போனை எடுத்துவிட்டார். முதலில் ஹெட் ஆபீசுக்கு அல்ல. மாவட்ட நிர்வாகத்தில் யார் யாரையோ பிடித்து, தன் பெயரையும் பதவியையும் முழுதாகச் சொல்லி, எங்கள் பாலில் கோளாறு இருக்கிறது, நான் பொறுப்பு, எழுதித் தருகிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பேசி முடித்துவிட்டு, "இனிமே எனக்கு வேலை இல்ல" என்றார், ஏதோ பாரம் இறங்கியதுபோல. பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து, முதல்முறையாக ஒரு கன்றின் வாயில் விரலை வைத்தார்.

மறுநாள் தண்ணீர் வடிந்து, டிராக்டரில் பள்ளத்தைக் கடந்து, கோகிலவாணி உடுமலை போய்ச் சேர்ந்தாள். வழியில்தான் கௌசிகனின் போன் வந்தது. தாரிணி அங்கே சல்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், பிழைத்துக்கொண்டாள் என்றான். ஒரு பழம் முழுதாக உள்ளே போன பிறகு விழுந்திருக்கிறாள். அந்த ஒரு பழம்தான் ஆம்புலன்ஸ் வரும்வரை தாங்கியதாம். அவள் டிராக்டரின் தகரத்தில் தலையைச் சாய்த்துச் சத்தம் போட்டு அழுதாள்.

மலையில் முந்தின நாள் எல்லோர் கையிலும் பஞ்சாமிர்தம் போய்ச் சேர்ந்தது. பெரும்பாலானவர்கள் பிழைத்தார்கள். சிலர் அதற்கு முன்பே விழுந்திருந்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் பார்த்தவர்களில் விரதக்காரர்களைவிட மற்றவர்களே அதிகம். மழையில் வேலை கிடைக்காமல் அடுப்பு மூட்டாதவர்கள். டீயோடு பகலை ஓட்டும் கட்டட வேலைக்காரர்கள். காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போய், அங்கே கொடுத்த பாலைக் குடித்த குழந்தைகள். ஒருவேளை சோறு தவறினால் உயிர் போகும் என்றால், அது முதலில் யார் உயிர் என்பது அந்த வராந்தாவில் பாய் பாயாகக் கிடந்தது. மருந்து உடம்பை விட்டுப் போக எத்தனை காலம் ஆகும் என்று எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை.

தங்கையைப் பார்க்கும் முன்பு டாக்டர் சல்மாவைத் தேடிப் போனாள்.

"டாக்டர், அவகிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். சாப்பிட வெக்க வேற வழி தெரியல. உண்டாயிருக்கறன்னு சொல்லிட்டேன். இப்ப உண்மையச் சொல்லணும். நீங்களும் கூட வந்தீங்கன்னா..."

சல்மா கதவைச் சாத்தினார்.

"உக்காருங்க. நேத்து வந்ததுமே அவங்களே சொன்னாங்க, வயித்துல புள்ள இருக்குன்னு. ஸ்கேன் பண்ணோம். இருக்கு வாணி. துடிப்பு தெரியுது."

கோகிலவாணிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அவங்க கட்டிக்குக் காரணமே இன்சுலின்தானே. அது இறங்கினதும் கட்டி கரைஞ்சு, முட்டை வெளிய வந்திருக்கு. நாங்க எட்டு வருஷமா குடுத்த மாத்திரை செய்யாதத உங்க பால் செஞ்சிருச்சு." சல்மா சிரிக்க முயன்றார். சிரிப்பு பாதியில் நின்றது.

"தாய் குடிச்சது கருவுக்கும் போயிருக்குமா டாக்டர்?"

"அதை நான் உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன். மருந்து ஏறின பசுவோட கன்னுங்களப் பார்த்தவங்க நீங்க மட்டுந்தான்."

கோகிலவாணி எழுந்து தங்கையின் அறைக்கு நடந்தாள்.

தாரிணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை வருடங்களில் கோகிலவாணி பார்க்காத முகம் அது. கௌசிகன் கட்டிலின் கால்மாட்டில், தூக்கமில்லாத கண்களோடு சும்மா சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க்கா மூஞ்சிய இப்படி வெச்சுருக்கற? சித்தியாகப் போறவ, இல்ல இல்ல, பெரியம்மா."

"தாரு. நேத்து எனக்கு ரிப்போர்ட் ஒண்ணும் வரல."

"அப்பறம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாது. நீ சாப்பிடணும்னு பொய் சொன்னேன்."

தாரிணி அக்காவையே பார்த்தாள். முகம் சுருங்கியது, அழப்போகிறாள் என்று கோகிலவாணி நினைத்தாள். பிறகு மெல்ல, "போக்கா. பொய்யின்னு நீ நெனச்சுட்டிருக்கற. முருகன்தான் உன் வாயில வந்து சொல்லிருக்காரு" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பேச்சை அவள் அத்தோடு விட்டுவிட்டாள்.

சற்று நேரம் கழித்து அக்காவின் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"பாப்பா நல்லா இருக்குமில்லக்கா?"

நல்லா இருக்கும் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். கௌசிகனும் அவள் வாயையே பார்த்தான். கோகிலவாணி தங்கையின் விரல்களை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"தெரியல சாமி. நெசமாவே தெரியல. ஒரு நிமிசம்கூட உன்னை விட்டுப் போக மாட்டேன். அது மட்டும் தெரியும்."

தாரிணி தலையாட்டினாள். ஜன்னலுக்கு வெளியே மறுபடி தூறல் போட ஆரம்பித்தது. பிறகு தாரிணி, எல்லோரும் எப்போதும் சொல்வதுபோல, சாதாரணமாகத்தான் சொன்னாள்:

"அக்கா, பசிக்குது."

கோகிலவாணி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.